பில்லர் அடியில் கம்பி தெரிகிறது, மேஸ்திரி பூசிவிடலாம் என்கிறார்

கேள்வி (வீடு கட்டுபவர், தென்காசி):

வணக்கம். மாடியோடு சேர்த்து வீடு கட்டுகிறோம். பில்லர் 9க்கு 12 அங்குலம். நேற்று பலகை கழற்றியதும் பார்த்தால், மூலைப் பில்லர் ஒன்றில் அடியிலிருந்து முழங்கால் உயரம் வரை வெறும் ஜல்லிதான் நிற்கிறது. ஒரு பக்கம் மெயின் கம்பியும், அதைச் சுற்றிக் கட்டும் ரிங் இரண்டும் வெளியே தெரிகின்றன. ஆணியை விட்டால் சுலபமாக உள்ளே போகிறது. “சிமெண்ட் பால் அடித்துப் பூசிட்டா தெரியாது சார்” என்கிறார் மேஸ்திரி. அடுத்த வாரம் ரூஃப் காங்கிரீட். என்ன செய்யலாம்?

பதில் (சைட் இன்ஜினியர், மதுரை):

தம்பி, பூச விடாதீர்கள். ரூஃபையும் தள்ளிப் போடுங்கள். பில்லர் மேல் இன்னும் சுமை ஏறவில்லை, அதனால் சரிசெய்ய இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

சுற்றியுள்ள காங்கிரீட்டின் காரத்தன்மைதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. அங்கே பொந்து இருந்தால் ஈரமும் காற்றும் நேராகக் கம்பிக்குப் போகும். இரும்பு துருவாகும்போது பருத்து, மேலே பூசியதையும் பிளந்து தள்ளும். போதாததற்கு, எடை அதிகம் இறங்கும் அடிப்பகுதியிலேயே பில்லர் மெலிந்திருக்கிறது.

முதலில் போட்டோ எடுத்து, டிசைன் போட்ட இன்ஜினியரை நேரில் வரச் சொல்லுங்கள். பிரேக்கர் மெஷின் வைத்து இடிக்க வேண்டாம். உளியும் சுத்தியலும் வைத்து, கெட்டியான காங்கிரீட் வரும்வரை கொத்த வேண்டும். வெளியே தெரிகிற கம்பிக்குப் பின்னால் 20 முதல் 25 மி.மீ. இடைவெளி வேண்டும். அப்புறம் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, ஈரமாக்கி, பலகை அடைத்துச் சுருங்காத கிரௌட்டோ (இளகிய சிமெண்ட் கலவை) மைக்ரோ காங்கிரீட்டோ (பொடி ஜல்லி சேர்ந்த கலவை) ஊற்றலாம். பொந்து ஆழமாகப் போனால் இந்த வைத்தியம் போதாது. இடிப்பதா வேண்டாமா என்பதை அந்த இன்ஜினியர் சொல்லட்டும்.

பதில் (போன வருடம் வீடு முடித்தவர், திருச்சி):

மற்றப் பில்லர்களையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொந்து இருந்தால் சத்தமே வேறு மாதிரி கேட்கும். சந்தேகம் வந்தால், ஒலி அலையை உள்ளே செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசானிக் சோதனை செய்யச் சொல்லுங்கள். ரீபவுண்ட் ஹாமர் (அடித்துத் திரும்பும் வேகத்தை வைத்துக் கெட்டித்தன்மை பார்க்கும் கருவி) மேற்பரப்பைத்தான் காட்டும். மேஸ்திரியோடு சண்டை வேண்டாம். இன்ஜினியர் சொன்னதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிட்டு, வேலை முடிந்ததும் அடுத்த தவணையைக் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்:

இன்ஜினியர் வந்து பார்த்தார். கொத்தக் கொத்த உதிர்ந்து, பாதி அகலம் போய்விட்டது. இடித்துப் புதிதாகப் போடச் சொல்லிவிட்டார். மேஸ்திரியும் சம்மதித்தார். இந்த முறை எதைக் கவனிக்க வேண்டும் சார்?

பதில் (சைட் இன்ஜினியர், மதுரை):

நல்ல முடிவு. அடியில்தான் லேப் கம்பிகள் (கீழிருந்து வரும் கம்பியும் மேல் கம்பியும் சேர்த்துக் கட்டிய இடம்) நெருக்கமாக இருக்கும். பத்தடி உயரத்திலிருந்து கொட்டினால் ஜல்லி அங்கே சிக்கி, சிமெண்ட் பால் பலகை இடுக்கு வழியே ஓடிவிடும். காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, காங்கிரீட்டை 1.5 மீட்டருக்கு மேல் விழவிடக் கூடாது என்கிறது. அதனால் பலகையின் நடுவில் ஒரு வாசல் விட்டு ஊற்றச் சொல்லுங்கள். ஒன்றரை அடிக்கு ஒரு தடவை, காங்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி இறங்க வேண்டும். கம்பியால் குத்தினால் போதும் என்பார்கள், கேட்காதீர்கள். தண்ணீரை மூட்டைக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து ஊற்றட்டும், மணலில் உள்ள ஈரத்தையும் அதில் கழிக்க வேண்டும். பலகை கழற்றியதும் சாக்கு சுற்றி, குறைந்தது ஏழு நாள் காயாமல் நனையுங்கள், வெயில் அதிகமென்றால் பத்து நாள். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே 40 மி.மீ. கவர் பிளாக் (இடைவெளி விட வைக்கும் சிறு கட்டை) இருக்கிறதா என்று பலகை அடைக்கும் முன்பே நீங்கள் நின்று பார்த்துவிடுங்கள்.