வேகம் கூட்டினால் எஞ்சின் சூடேறுகிறது, இம்பெல்லர் மாற்றியும் அதே நிலை

தெளிநீர்:

வணக்கம். படகு 9 மீட்டர் ஃபைபர் க்ரூஸர். ஆறு, கால்வாய், ஏரி மட்டும்தான், உப்புத் தண்ணீருக்குப் போவதில்லை. 4 சிலிண்டர் டீசல், ஷாஃப்ட் டிரைவ் (நீளமான தண்டு ப்ரொப்பல்லரைச் சுழற்றும் வகை). எஞ்சினுக்குள் கூலன்ட் சுற்றுகிறது, ஹீட் எக்ஸ்சேஞ்சரில் ஆற்றுத் தண்ணீர் அதைக் குளிர்விக்கிறது, பிறகு அந்தத் தண்ணீர் எக்ஸாஸ்டோடு சேர்ந்து வெளியே போகிறது.

1400 ஆர்பிஎம்மில் எவ்வளவு நேரம் ஓடினாலும் 82 டிகிரியில் நிற்கிறது. 2200க்கு ஏற்றினால் 20 நிமிடத்தில் 95ஐத் தாண்டுகிறது. குறைத்தால் பத்து நிமிடத்தில் பழையபடி 82.

இதுவரை செய்தவை: வடிகட்டிக் கூடையைக் கழுவியாயிற்று. கூலன்ட் அளவு சரி, பெல்ட் இறுக்கமும் சரி. ஆற்றுத் தண்ணீரை இழுக்கும் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரை மாற்றினேன், பழையதில் இரண்டு இதழ்கள் முறிந்திருந்தன. எக்ஸாஸ்டில் தண்ணீர் வருகிறது, கூடவே கொஞ்சம் ஆவியும் வருகிறது.

அடுத்து தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட் வழியைத் திறக்கும் வால்வு) மாற்றலாமா, இல்லை பம்பையே மாற்ற வேண்டுமா? இன்னொன்று, ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் தண்ணீர் உள்ளே வராமல் அடைக்கும் ஸ்டெர்ன் கிளாண்ட் சொட்டுகிறது. இறுக்கிவிடலாமா?


எஞ்சின்அறை:

உங்கள் பதிவில் முக்கியமான வரி "இரண்டு இதழ்கள் முறிந்திருந்தன" என்பதுதான். அந்த இரண்டு துண்டுகளும் எங்கே? பம்புக்குள் கிடைத்தனவா? கிடைக்கவில்லை என்றால் தண்ணீர் போகும் வழியில் முதல் குறுகலான இடத்தில் போய் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. புது இம்பெல்லர் எவ்வளவு தள்ளினாலும் அந்த அடைப்பைத் தாண்டித்தான் தண்ணீர் போக வேண்டும்.

தெர்மோஸ்டாட்டை இப்போது வாங்க வேண்டாம். அது மூடியபடியே சிக்கியிருந்தால் 1400இல் மணிக்கணக்காக 82இல் நிற்காது. பாதி திறந்து சிக்கினால் இதே அறிகுறி வரலாம், ஆனால் அதைச் செலவில்லாமல் பார்க்கலாம்: கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் டிகிரிக்கு அருகே திறக்கத் தொடங்கி, மேலும் 10, 15 டிகிரி ஏறுவதற்குள் முழுதாகத் திறந்தால் நல்ல நிலையில் இருக்கிறது.

முதலில் தண்ணீரை அளங்கள். படகைத் துறையில் நன்றாகக் கட்டி, நியூட்ரலில் 2200 வைத்து, எக்ஸாஸ்ட் வாயில் 10 லிட்டர் வாளியைப் பிடித்து எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். பம்ப் எஞ்சின் சுற்றோடு சுற்றுவதால் சுமை இல்லாமலே இந்த அளவு எடுக்கலாம். புகைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள், காற்று எதிர்ப்பக்கமாக அடிக்கும் நேரத்தில் செய்யுங்கள். எக்ஸாஸ்டில் தண்ணீர் கலக்கும் வளைகுழாயான எல்போவில் ஹோஸைக் கழற்றி அளக்க வேண்டாம், தண்ணீர் இல்லாமல் எக்ஸாஸ்ட் ரப்பர் ஹோஸ் கருகிவிடும். வந்த எண்ணை உங்கள் எஞ்சின் கையேட்டில் பம்புக்குக் கொடுத்திருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து, ஓட்டத்தில் வெப்பநிலை. ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு ஆற்றுத் தண்ணீர் நுழையும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளங்கள். பளபளக்கும் செம்பில் நேரடியாக வைத்தால் குறைத்துக் காட்டும், இரண்டு இடத்திலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும்.

கணக்கு எளிது. டீசல் எஞ்சின் ஷாஃப்டுக்குத் தரும் சக்தியும் குளிர்விக்கும் தண்ணீரில் விடும் வெப்பமும் ஏறக்குறைய சம அளவு. 30 கிலோவாட் வெப்பத்தை நிமிடத்துக்கு 30 லிட்டர் சுமந்தால் தண்ணீர் சுமார் 14 டிகிரி சூடேறும். அதே வெப்பத்தை 15 லிட்டர் சுமந்தால் சுமார் 29 டிகிரி. ஆக, வெளியேறும் தண்ணீர் மிகவும் சூடாக இருந்தால் ஓட்டம் குறைவு, அடைப்பைத் தேடுங்கள். வாளி சீக்கிரம் நிரம்புகிறது, வெளியேறும் தண்ணீரும் சற்றுத்தான் வெதுவெதுப்பு, ஆனால் கூலன்ட் மட்டும் கொதிக்கிறது என்றால், வெப்பம் கூலன்ட்டிலிருந்து தண்ணீருக்கு மாறவில்லை. குழாய்களில் சுண்ணாம்புப் படிவு, அல்லது கூலன்ட் சுற்றவில்லை.

ஓட்டம் குறைவு என்றால் பம்பிலிருந்து வரிசையாகக் கழற்றுங்கள். பல எஞ்சின்களில் பம்பை அடுத்து வருவது கியர்பாக்ஸ் ஆயில் கூலர், துண்டுகள் அதன் வாயில்தான் அதிகம் சிக்கும். அதில் இல்லாவிட்டால் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் நுழைவு மூடி. ஆறிய பிறகு மட்டும் கை வையுங்கள், சூட்டில் கூலன்ட் பிரஷர் மூடியைத் திறக்கவே கூடாது. குழாய்க் கட்டை வெளியே எடுத்தால் ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய மரக்குச்சியை விட்டுத் தள்ளுங்கள். இரும்புக் கம்பியோ டிரில்லோ வேண்டாம், சுவர் மெல்லியது, ஓட்டை விழுந்தால் கூலன்ட் ஆற்றுக்குப் போய்விடும். படிவு கெட்டியாக இருந்தால் லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த வெதுவெதுப்பான நீரில், நுரை வருவது நிற்கும்வரை ஊறவிட்டு நன்றாக அலசலாம். அலுமினிய உறையை அமிலத்தில் போடாதீர்கள்.

பம்பை மாற்றும் முன் அதன் மூடித் தகட்டைப் பாருங்கள். இம்பெல்லர் தேய்த்த வட்டம் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஆழமாக இருந்தால் உறிஞ்சும் வலு குறையும். பல பம்புகளில் தகட்டைத் திருப்பிப் போட்டாலே சரியாகிவிடும். கேஸ்கெட்டும் அதே தடிமனில் இருக்க வேண்டும், கையில் கிடைத்த தடிமனான தாளை வெட்டிப் போட்டால் அந்த இடைவெளியிலேயே அழுத்தம் போய்விடும். பம்பின் அடியில் சிறு கசிவுத் துளை ஒன்று இருக்கும். அதில் தண்ணீர் சொட்டினால் தண்ணீர் சீல் போய்விட்டது, எண்ணெய் சொட்டினால் எண்ணெய் சீல். இரண்டும் உலர்ந்திருந்தால் பம்பை அப்படியே விடுங்கள்.


கரையோரம்:

மேலே சொன்னதெல்லாம் பம்புக்குப் பின்னால். பம்புக்கு முன்னாலும் பாருங்கள், நன்னீரில் பாதிச் சிக்கல் அங்கேதான்.

கூடை சுத்தமாக இருப்பதால் வழி சுத்தம் என்று ஆகாது. நீர்ப்பாசியும் பிளாஸ்டிக் பையும் படகின் அடியில் உள்ள துளையின் வாயிலேயே ஒட்டிக்கொள்ளும். மெதுவாக ஓடும்போது தேவையான தண்ணீர் எப்படியோ உள்ளே வந்துவிடும், வேகம் கூட்டினால் பம்பின் உறிஞ்சல் அந்தப் பையை இழுத்து வாயை மூடிவிடும். உங்கள் அறிகுறியோடு இதுவும் பொருந்துகிறது. அந்தத் துளையின் வால்வை மூடி, வடிகட்டிக்குப் போகும் ஹோஸை அந்தப் பக்கம் கழற்றி, ஹோஸ் முனையை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வால்வைத் திறந்தால் தண்ணீர் ஹோஸில் விறுவிறுவென்று ஏற வேண்டும். மந்தமாக ஏறினால் வால்விலோ அதன் வாயிலோ அடைப்பு. வளையும் பிளாஸ்டிக் குச்சியை அதே வழியாக வெளியே தள்ளலாம்.

வடிகட்டியின் கண்ணாடி மூடியில் ஓட்டத்தின்போது குமிழி தெரிகிறதா? தெரிந்தால் மூடியின் ஓ-ரிங் அல்லது முன்னால் உள்ள ஒரு கிளிப் காற்றை உள்ளே விடுகிறது. உறிஞ்சும் பக்கம் என்பதால் தண்ணீர் வெளியே கசியாது, காற்றுத்தான் உள்ளே போகும், அதனால் பில்ஜ் (படகின் உட்புற அடிப்பகுதி) உலர்ந்திருப்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். அந்த ஹோஸ் உள்ளே கம்பிச்சுருள் வைத்ததாக இருக்க வேண்டும். சாதா ஹோஸ் என்றால் 2200இல் சப்பையாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இன்னொரு கேள்வி: முழு த்ராட்டிலில் எஞ்சின் அதன் உச்ச ஆர்பிஎம்மை எட்டுகிறதா? முன்பு எட்டி இப்போது 300, 400 குறைந்து, கறும்புகையும் வந்தால் ப்ரொப்பல்லரில் கயிறோ பாசியோ சுற்றியிருக்கிறது, அல்லது அடிப்பாகம் முழுக்கப் பாசி பிடித்திருக்கிறது. எஞ்சின் சுமையில் திணறும்போது குளிர்விப்பு முழுத் திறனில் இருந்தாலும் சூடேறும். ப்ரொப்பல்லரில் கை விடுவதற்கு முன் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆழம் குறைந்த கால்வாயில் இந்தச் சோதனைகளைச் செய்யாதீர்கள். அடியில் தண்ணீர் போதாதபோது படகின் பின்புறம் அமிழ்ந்து இழுவை கூடும், கலங்கிய சேறும் உள்ளே போகும், அளவுகள் எல்லாம் தப்பாக வரும்.


தெளிநீர்:

இருவருக்கும் நன்றி. துண்டுகள் பம்புக்குள் கிடைக்கவில்லை, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

அளவுகள்: 2200இல் 10 லிட்டர் வாளி நிரம்ப 35 நொடி, அதாவது நிமிடத்துக்கு சுமார் 17 லிட்டர். ஓட்டத்தில் நுழையும் தண்ணீர் 26 டிகிரி, வெளியேறுவது 51. குமிழி இல்லை. வால்விலிருந்து தண்ணீர் வேகமாக ஏறுகிறது. உச்ச ஆர்பிஎம் வழக்கம்போல் எட்டுகிறது.

கியர்பாக்ஸ் ஆயில் கூலரின் நுழைவைக் கழற்றியதும் ஒரு இதழ் குறுக்கே மல்லாந்து கிடந்தது, அதன்மேல் பாசியும் சருகும் மெத்தை மாதிரிப் படிந்திருந்தது. எடுத்த பிறகு வாளி 21 நொடியில் நிரம்புகிறது. 2200இல் ஒரு மணி நேரம் ஓட்டியும் 84ஐத் தாண்டவில்லை. இரண்டாவது இதழ் அங்கே இல்லை. விட்டுவிடலாமா?


எஞ்சின்அறை:

விடக் கூடாது. 25 டிகிரி ஏற்றம், 17 லிட்டர் என்றால் சுமார் 30 கிலோவாட். கணக்கு பொருந்துகிறது, ஆகவே ஓட்டக் குறைவுதான் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் முழு இதழ் கூலர் குழாய்கள் வழியாக நுழைந்து போயிருக்க முடியாது. சிறு துண்டுகளாக உடைந்திருந்தால் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் நுழைவு மூடிக்குப் பின்னால் இருக்கும், அந்த மூடியைத் திறங்கள். அங்கும் இல்லையென்றால் பின்பக்கம் தேடுங்கள்: எஞ்சின் நின்றதும் தண்ணீர் பம்பிலிருந்து வால்வை நோக்கித் திரும்பி வடியும்போது துண்டு அதோடு சேர்ந்து உறிஞ்சும் ஹோஸுக்குள் இறங்கிவிடும். வடிகட்டிக்கும் பம்புக்கும் நடுவே உள்ள ஹோஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், முக்கியமாக வளைவில். அங்கே கிடக்கும் துண்டு புது இம்பெல்லருக்குள் போனால் அதையும் கடித்துவிடும்.

கழற்றிய கையோடு எக்ஸாஸ்ட் எல்போவுக்குள்ளும் விரலை விடுங்கள். தண்ணீர் கலக்கும் இடத்தில் கரியும் துருவும் சேர்ந்து வழியைக் குறுக்கும்.

புது இம்பெல்லரை எதைத் தடவிப் போட்டீர்கள் என்று சொல்லவில்லை. கிளிசரின் அல்லது பாத்திரம் கழுவும் திரவ சோப்பு போதும். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். சுழலும் திசைக்கு எதிராக இதழ்கள் சாய்ந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி, ஒவ்வொரு முறையும் பழையதன் இதழ்களை எண்ணுங்கள். எக்ஸாஸ்ட் ஹோஸில் ஒரு வெப்ப அலாரமும் பொருத்துங்கள். தண்ணீர் நின்றால் கூலன்ட் முள் நகர நிமிடங்கள் ஆகும், ஆனால் ஹோஸ் சில நொடிகளிலேயே சுட ஆரம்பிக்கும்.


நங்கூரக்கயிறு:

ஸ்டெர்ன் கிளாண்ட் கேள்வி அப்படியே நிற்கிறதே. முதலில் எந்த வகை என்று பாருங்கள். ரப்பர் லிப் சீல், முகத்தோடு முகம் உரசும் சீல் ஆகியவை சொட்டவே கூடாது, சொட்டினால் இறுக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, சீல்தான் போய்விட்டது. பேக்கிங் கயிறு திணித்த பழைய வகை என்றால், ஓட்டத்தில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சொட்டு நல்லது, அந்தத் தண்ணீர்தான் ஷாஃப்டைக் குளிர்விக்கிறது. கட்டி நிறுத்தியிருக்கும்போதும் விடாமல் சொட்டினால், கிரீஸ் கோப்பை இருந்தால் முதலில் அதைக் கை கனக்கும்வரை திருகுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் இரண்டு நட்டையும் சமமாக, ஒரு தடவைக்கு ஆறில் ஒரு சுற்று மட்டும். பிறகு அரை மணி ஓட்டி கிளாண்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள், உடனே தளர்த்துங்கள், இல்லாவிட்டால் ஷாஃப்டில் பள்ளம் விழும்.

நட்டுகள் முடிவுவரை போய்விட்டால் புதுப் பேக்கிங் வேண்டும், அதைப் படகைக் கரையேற்றிச் செய்யுங்கள். வளையங்களின் இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் 120 டிகிரி தள்ளித் தள்ளி வைக்க வேண்டும்.

கரையேற்றும்போது ஆனோடையும் (மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிந்து தேயும் உலோகக் கட்டி) பாருங்கள். நன்னீரிலேயே இருக்கும் படகுக்கு மெக்னீசியம்தான். துத்தநாகம் போட்டிருந்தால் மேலே வெள்ளை ஓடு மாதிரிப் படிந்து, தேயாமல் புதிதுபோலவே இருக்கும். தேயவில்லை என்றால் அது பாதுகாக்கவில்லை என்று பொருள், உங்கள் ப்ரொப்பல்லரும் ஷாஃப்டும் அரித்துக்கொண்டிருக்கும். ஹீட் எக்ஸ்சேஞ்சரிலும் பென்சில் வடிவ ஆனோடு இருந்தால், மூடியைத் திறக்கும்போது அதையும் கழற்றிப் பாருங்கள். முனை உடைந்து உள்ளே விழுந்திருந்தால் அதுவும் ஓர் அடைப்புதான்.


தெளிநீர்:

இரண்டாவது இதழ் வடிகட்டிக்கும் பம்புக்கும் இடையே உள்ள ஹோஸ் வளைவில்தான் இருந்தது. பேக்கிங் வகை கிளாண்ட். ஆறில் ஒரு சுற்று இறுக்கியதும் துறையில் சொட்டு நின்றது, ஓட்டத்தில் நிமிடத்துக்கு இரண்டு, தொட்டால் வெதுவெதுப்பு. ஆனோடு துத்தநாகம், நீங்கள் சொன்ன அதே வெள்ளை ஓடு. மெக்னீசியம் வாங்குகிறேன்.