மறு: எழுத்தாணியா, தொடுகோலா? பழைய கைப்பேசித் திரைகளுக்குச் சொல் தேடி

அனுப்புநர்: குலசேகரம், கைப்பேசி பழுதுபார்ப்பவர்

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஸ்டைலஸ் என்ற திரைக்குச்சிக்கும் அது படும் திரைகளுக்கும் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில், நீங்கள் எழுதியவற்றை மேற்கோளாகக் காட்டிப் பதில் எழுதுகிறேன்.

> ஸ்டைலஸுக்கு எழுத்தாணி இருக்கும்போது புதிதாக எதற்குத் தேட வேண்டும்? நம் பாட்டன் கையில் இருந்த பொருள்தானே.

பாட்டன் கையில் இருந்த எழுத்தாணிக்குப் பனையோலையைக் கீறுவதுதான் வேலை. கீறிய தடத்தில் கரியோ மஞ்சளோ தடவினால் எழுத்துத் தெரியும். கைப்பேசித் திரையைக் கீறினால் என்ன தெரியும் என்பதை என் மேசைக்கு வந்து பார்க்கலாம். நோக்கியா 5800 ஒன்று கிடக்கிறது. ரப்பர் ஷீட் எடுக்கும் கடையில் கணக்கு எழுதும் பெரியவருடையது. கைப்பேசியோடு வந்த குச்சி எப்போதோ தொலைந்துபோக, மை தீர்ந்த பால்பாயின்ட் ரீஃபிலால் ஆண்டுக்கணக்கில் எண்களை அமுக்கியிருக்கிறார். திரையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால், எண்பலகை வரும் இடத்தில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சிறு பள்ளம். ஐந்தும் எட்டும் அடியோடு செத்துவிட்டன. வளைகுடாவில் இருக்கும் மகன்கள் அனுப்பிய பழைய படங்கள் உள்ளே இருப்பதால் அவருக்கு அதைக் கைவிட மனமில்லை.

ரெசிஸ்டிவ் எனப்படும் இந்த வகைத் திரையில் மேலே வளையக்கூடிய பிளாஸ்டிக் தாள், கீழே கண்ணாடி. இரண்டின் உட்புறத்திலும் இண்டியம் டின் ஆக்சைடு என்ற பூச்சு. ஒளியையும் விடும், மின்சாரத்தையும் கடத்தும். நடுவே மிகச் சிறிய புள்ளிகள் இரண்டையும் ஒட்டவிடாமல் தள்ளி வைத்திருக்கும். அமுக்கிய இடத்தில் மேல்தாள் குழிந்து கீழ்ப்பூச்சைத் தொடும். ஒரு பூச்சின் இரு விளிம்புகளுக்கு மின்னழுத்தம் கொடுத்து, தொட்ட இடத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று மற்றப் பூச்சின் வழியாக அளந்தால் இடவலம் தெரிந்துவிடும். முறையை மாற்றி அளந்தால் மேல்கீழ். பூச்சு எளிதில் நொறுங்கக்கூடியது. கூர்முனை ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருந்தால் வெடிப்பு விடும். அதன்பின் அந்த இடத்துக்கு உயிர் கிடையாது.

அளவுதிருத்தம் செய்தால் சரியாகுமா என்று அந்தப் பெரியவரும் கேட்டார். அது வேறு நோய்க்கான மருந்து. ஐந்தைத் தொட்டால் ஆறு விழுகிறது, திரை முழுவதும் அதே அளவு விலகல் இருக்கிறது என்றால், அமைப்புகளுக்குள் போய்த் திரை காட்டும் குறிகளை வரிசையாகத் தொட்டு முடித்தால் நேராகிவிடும். செத்த இடத்தை அது எழுப்பாது.

> ரெசிஸ்டிவ் என்றால் மின்தடைத் தொடுதிரை, கெப்பாசிட்டிவ் என்றால் மின்தேக்குத் தொடுதிரை. பாடநூலில் உள்ள சொற்கள்தான். விவாதம் முடிந்தது.

பாடநூலுக்கு முடிந்தது, கடைக்கு முடியவில்லை. இரண்டு சொற்களும் உள்ளே இருக்கும் மின்னியல் என்ன என்று சொல்கின்றன. கையில் வைத்திருப்பவருக்கு வேண்டியது, அந்தத் திரையை என்ன செய்தால் அது கேட்கும் என்பது.

2007இல் வந்த ஐபோனுக்குப் பிறகு பரவிய கெப்பாசிட்டிவ் திரைகள் முற்றிலும் வேறு. கண்ணாடிக்கு அடியில் மின்முனைகள் வலைபோல் ஓடுகின்றன. அழுத்தம் எதுவும் வேண்டாம். நம் உடல் மின்சாரத்தைக் கடத்துவது. விரல் வந்து பட்டதும் அந்த இடத்தின் மின்தேக்குத்திறன் மாறுகிறது, அதைச் சில்லு அளந்துகொள்கிறது. ரீஃபிலால் குத்தினாலும் நகத்தால் சுரண்டினாலும் அதற்கு ஒன்றும் உறைக்காது.

எங்கள் குமரி மாவட்ட மலையோரத்தில் இதற்குத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. விடியுமுன் நெற்றிவிளக்கோடு ரப்பர் பால்வெட்டுக்குப் போய், வெட்டி முடித்து, சிரட்டைகளில் சேர்ந்த பாலை எடுத்துவிட்டு வருகிறவரின் விரல்நுனியைப் பாருங்கள். காய்ந்த பால் தோலோடு தோலாகப் படலம் கட்டியிருக்கும். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது; படலம் தடித்திருந்தால் விரல் திரையைவிட்டு விலகி நிற்பதுபோல் ஆகிவிடும். அந்த விரலால் புதுக் கைப்பேசியைத் தடவினால் ஒரு தரம் ஓடும், இரண்டு தரம் ஓடாது. அப்படி ஒருவர் வந்தார்; வேறொரு கடையில் காம்போ முழுவதையும், அதாவது ஒன்றாக ஒட்டிய திரையையும் தொடுகண்ணாடியையும், மாற்றச் சொல்லியிருந்தார்கள். கட்டைவிரலால் சுட்டுவிரலை அழுத்தி உரசச் சொன்னேன். படலம் நூல்நூலாகச் சுருண்டு வந்தது. கையைத் துடைத்துவிட்டுத் தொட்டார், திரை ஓடியது. அவரிடம் முன்பு நோக்கியா 5233 இருந்தபோது இந்தத் தொல்லையே கிடையாது. விரலில் பால் இருந்தால் என்ன, சிரட்டைத் துண்டால் அமுக்கினாலும் அது கேட்டுக்கொண்டிருந்தது.

கோல்களின் கதையும் இதுதான். முதல் திரைக்குக் கடினமான, ஒடுங்கிய, ஆனால் நுனி மழுங்கிய முனை வேண்டும். இரண்டாவதற்கு மின்கடத்தும் மெத்தென்ற முனை, விரல்நுனிபோல் சற்றே பரந்து படிய வேண்டும். பிடித்திருக்கும் கைக்கும் முனைக்கும் இடையே மின்தொடர்பும் வேண்டும். 2011இல் சாம்சங் கேலக்ஸி நோட்டோடு வந்த எஸ் பென் மூன்றாவது வகை. திரைக்கு அடியில் தனித்தகடு ஒன்று மின்காந்தப் புலத்தை எழுப்ப, பேனாவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அதற்குப் பதில் கொடுக்கிறது. பேனாவில் பாட்டரி கிடையாது. அதை அடுத்தவர் கைப்பேசியில் வைத்தால் வெறும் குச்சி. இவை மூன்றையும் ஒரே கொக்கியில் தொங்கவிட்டு "டச் பேனா" என்று விற்கிறோம். மறுநாளே திரும்பி வருகிறது.

> ரெசிஸ்டிவுக்கு அமுக்குதிரை எப்படி?

வழக்குச் சொல் என்பதால் எனக்கும் ஆசைதான். ஆனால் வேகமாகப் படிக்கிறவர் கண்ணில் அதற்குள்ளிருந்து ஒரு குதிரை ஓடுகிறது. ஒற்றுப் போட்டு அமுக்குத்திரை என்று எழுதினால் குதிரை போய்விடும், தொடுதிரையோடு இருந்த வினைத்தொகை உறவும் போய்விடும்.

> அழுத்துணர்திரை?

இது எவ்வளவு அழுத்தம் என்று அளக்கும் திரைக்கு உரிய பெயர். 2015இல் ஐபோன் 6எஸ் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. மெல்ல அழுத்தினால் ஒன்று, பலமாக அழுத்தினால் வேறொன்று. நாம் பேசுகிற பழைய திரை அழுத்தத்தை அளப்பதில்லை, இரண்டு பூச்சும் தொட்டுக்கொண்டனவா என்று மட்டும் பார்க்கிறது. அந்தப் பெயரை இதற்குச் செலவழித்துவிட்டால் உரியதற்கு இல்லாமல் போகும்.

என் முன்மொழிவு: அழுத்த வேண்டியது அழுத்துதிரை, அதற்குரியது அழுத்துகோல். தொட்டால் போதுமானது தொடுதிரை, அதற்குரியது தொடுகோல். எஸ் பென் போன்றதை மின்காந்தக்கோல் என்று விட்டுவிடலாம். அதை வாங்குகிறவருக்கு எது வேண்டுமென்று தெரிந்தே இருக்கும்.


அனுப்புநர்: கொழிஞ்சாம்பாறை, தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை

அண்ணா, வணக்கம்.

அழுத்துதிரை எனக்குப் பிடித்திருக்கிறது. மற்றதில் இரண்டு தடை.

தொடுதிரை என்பது செய்தித்தாள் முதல் வங்கி அறிவிப்பு வரை எல்லா வகைக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. 2011இல் வந்த, இந்திய அரசின் மலிவு விலை ஆகாஷ் கைக்கணினியை எல்லோரும் தொடுதிரைக் கணினி என்றுதான் எழுதினார்கள். அதில் இருந்தது உங்கள் அழுத்துதிரை. அடுத்த ஆண்டு வந்த ஆகாஷ் 2 மற்ற வகைக்கு மாறியது, அதையும் தொடுதிரை என்றார்கள். ஊரே புழங்கும் சொல்லைப் பிடித்து நாம் சுருக்க முடியாது.

தொடுகோல் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குத் தொடுகோடு நினைவுக்கு வரும். வட்டத்தை ஒரே புள்ளியில் தொடும் கோடு வடிவியலில் பழகிய பெயர். ஓரெழுத்து வேறுபாட்டில் இரண்டு கலைச்சொல் வேண்டுமா?

எழுத்தாணிக்காக வாதாட எனக்கும் விருப்பமில்லை. இங்கே பாலக்காட்டுப் பக்கம் மலையாள ஆசிரியர்கள் அதை நாராயம் என்கிறார்கள். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் நாராசமாகிக் காதில்தான் விழும்!

அழுத்தாமல் விரல் பட்டாலே இயங்கும் திரைக்கு மெய்த்திரை என்று சொன்னால் என்ன? ஐம்பொறிகளில் தொடுதலுக்கு உரியது மெய். உடலுக்கும் அதுவே பெயர். உடலின் மின்கடத்தலால் இயங்கும் திரைக்கு இரண்டு பொருளும் பொருந்துகின்றன.


அனுப்புநர்: குலசேகரம், கைப்பேசி பழுதுபார்ப்பவர்

டீச்சர், ஆகாஷ் எடுத்துக்காட்டுக்கு மறுப்பில்லை. தொடுதிரை பொதுச்சொல்லாகவே இருக்கட்டும். அழுத்துதிரை அதற்குள் ஒரு வகை. மற்ற வகையைப் பிரித்துச் சொல்லியே தீரவேண்டிய இடத்தில் விரல்தொடுதிரை என்போம். பெரும்பாலும் அதற்குத் தேவை வராது. இன்று ஒருவர் அடைமொழி இல்லாமல் தொடுதிரை என்றால் அவர் கையில் இருப்பது அந்த வகைதான். பழையதற்குத்தான் அடையாளம் வேண்டும்.

மெய்த்திரை கருத்தளவில் நீங்கள் சொன்னது அனைத்தும் சரி. கடைக்கு வந்தால் "அப்படியானால் என்னிடம் இருப்பது பொய்த்திரையா?" என்று கேட்பார்கள். டூப்ளிகேட் காம்போவை அசல்போல் விற்கும் சந்தையில் மெய் என்று எழுதி ஒட்டினால் வேறு அர்த்தம் வரும். பனச்சமூட்டுச் சந்தையில் அதைச் சொல்லிப் பாருங்கள்.

தொடுகோடும் தொடுகோலும் வேற்றுமை ஏற்கும்போது பிரிந்துவிடுகின்றன: தொடுகோட்டை, தொடுகோலை, தொடுகோட்டால், தொடுகோலால். ஒன்று நோட்டில் வரைவது, மற்றது கையில் பிடிப்பது. என் கடையில் தொடுகோடு கேட்டு யாரும் வரப்போவதில்லை.

உங்கள் மெய்த்திரையில் இருந்து ஒன்றை, மெய்க்கு எதிரான பொய்யை, நான் எடுத்துக்கொள்கிறேன். விரல் படாமலே திரை தானாகத் திறப்பதும் எண்களை அழைப்பதும் உண்டல்லவா, அதற்குப் பேய்த்தொடுகை என்று சிலர் இங்கே எழுதினார்கள். ஆங்கிலத்தில் "கோஸ்ட் டச்" என்று பேய் இருக்கிறதென்று தமிழுக்கும் பேயை இறக்க வேண்டாம். எங்கள் பக்கம் அந்தச் சொல்லைக் கேட்டால் கைப்பேசியைக் கடைக்குக் கொண்டுவருவதற்கு முன் வேறு எங்காவது கொண்டுபோவார்கள். பொய்த்தொடுகை என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையில் நடப்பதும் அதுதான்: இல்லாத தொடுதலைச் சில்லு இருப்பதாக எண்ணிக்கொள்கிறது.

பொய்த்தொடுகையின் காரணங்களையும் சொற்பட்டியலின் விளக்கத்தில் சேர்க்கலாம். சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் பொய்த்தொடுகை வந்தால் முதலில் சார்ஜரைச் சந்தேகப்பட வேண்டும். மலிவான சார்ஜர் கடத்திவிடும் மின்னிரைச்சல் திரையின் அளவீட்டைக் குழப்பும். சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிட்டால் திரைக்குக் குற்றமில்லை. பின்மூடி லேசாகப் புடைத்திருந்தால், வீங்கிய பாட்டரி திரையைப் பின்னாலிருந்து நெருக்குகிறது. அதை அமுக்கிப் பார்க்கக் கூடாது, சார்ஜ் ஏற்றவும் கூடாது, உடனே கழற்ற வேண்டும். மழைத்துளியும் இதைச் செய்யும். எங்களுக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஜூனிலும் ஒரு கூட்டம் வரும், ஐப்பசியிலும் ஒரு கூட்டம் வரும். தோட்டத்துக்குப் போகிறவர்கள் மெல்லிய பாலித்தீன் உறையில் போட்டுக்கொண்டால் விரல்தொடுதிரை உறைக்கு மேலேயே வேலை செய்யும். தடித்த கண்ணாடி ஒட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்து மந்தமாகிவிடும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் எந்தப் பட்டை செத்திருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. அமைப்புகளில் உள்ள கட்டமைப்பு எண்ணை (Build number) ஏழு முறை தொட்டால் டெவலப்பர் விருப்பங்கள் திறக்கும். அதற்குள் விரல் போகும் பாதையைக் கோடாகக் காட்டும் வசதி இருக்கிறது. திரை முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தால், கோடு எங்கே அறுகிறதோ அங்கே கோளாறு. எப்போதும் ஒரே பட்டையில் அறுந்தால் காம்போ மாற்றியே ஆகவேண்டும். இடம் மாறி மாறி அறுந்தால் கையைக் கழுவிவிட்டு மறுபடி இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அழுத்துதிரை, அழுத்துகோல், தொடுகோல், பொய்த்தொடுகை நான்கையும் விக்சனரி என்ற இணைய அகரமுதலியில் சேர்க்க யாராவது பொறுப்பெடுத்தால் நல்லது. மின்தடைத் தொடுதிரை என்பதை அழுத்துதிரையின் விளக்கத்திலேயே குறித்துவிடலாம், தேடுகிறவருக்கு இரண்டும் அகப்படும். உள்ளங்கை பட்டால் கண்டுகொள்ளாமல் விடும் வசதிக்கு இன்னும் சொல் அமையவில்லை. அங்கைவிலக்கு என்று ஒருவர் எழுதியிருந்தார். பள்ளியில் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்து, அவர்களுக்கு என்ன விளங்குகிறது என்று எழுதுங்கள், டீச்சர்.