பலிதாவ் செய்ய வெள்ளை ஒட்டரிசி எங்கே கிடைக்கும்?

வணக்கம். என் சிறுவயது பிலிப்பைன்ஸில், லகுனா மாகாணத்து லோஸ் பான்யோஸில் கழிந்தது. அப்பாவுக்கு அங்குள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி மாலையில் செய்து தரும் பலிதாவ் என்கிற அரிசிமாவு இனிப்பு என்றால் எனக்கு உயிர்.

மலக்கிட் என்கிற ஒட்டரிசியை ஊறவைத்து அரைத்து, தண்ணீரை நன்றாக வடித்து, அந்தக் கெட்டி மாவை உருட்டி நாக்கு வடிவில் தட்டுவார்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் அடியில் போய்க் கிடக்கும். வெந்ததும் தானாக மேலே மிதந்து வரும். ஜல்லிக் கரண்டியால் அரித்தெடுத்து, ஈரம் காயும் முன் தேங்காய்த் துருவலில் புரட்டி, சர்க்கரையும் வறுத்த எள்ளும் தூவினால் சரி.

இப்போது மதுரையில் இருக்கிறேன். இடியாப்ப மாவில் செய்தால் அந்த இழுவை வரவில்லை, தட்டும்போதே ஓரம் வெடிக்கிறது. வெள்ளை ஒட்டரிசியோ அதன் மாவோ மதுரை, திருச்சிப் பக்கம் எந்தக் கடையில் கிடைக்கும்? கவுனி அரிசியை அரைத்துச் செய்து பார்த்தவர்கள் யாராவது உண்டா? நிறம் கறுத்தாலும் பரவாயில்லை, பல்லில் லேசாக ஒட்டும் அந்தப் பதம்தான் வேண்டும். அப்புறம், ஆறியபின் இறுகாமல் இருக்க வழி இருந்தாலும் சொல்லுங்கள். அப்பாவின் பிறந்தநாள் வருகிறது, அன்றைக்குச் செய்து கொடுக்க வேண்டும்.