வருட விற்பனையின் 20 மடங்கு விலை: சந்தா மென்பொருள் பங்கு தாங்குமா?

வெள்ளவத்தையான்:
அமெரிக்கச் சந்தா மென்பொருள் கம்பனி ஒன்று. வருமானம் வருடம் 25 வீதம் ஏறுது, இலாபம் இன்னும் இல்லை, எல்லாப் பங்குகளின் மொத்த விலை வருட விற்பனையின் 20 மடங்கு. கொழும்புச் சந்தையில் வங்கிப் பங்குக்குப் பார்க்கிற மாதிரி விலை-இலாப விகிதம் போட வழியில்லை. பத்து வருசம் வைத்திருக்கலாமா என்று எதைக்கொண்டு கணிக்கிறது?

கணக்கப்பிள்ளை:
25 வீதம் 5 வருசம் விடாமல் ஏறினால் விற்பனை 3.05 மடங்கு. அந்த நேரம் சந்தை 6 மடங்குதான் தந்தால் 3.05 × 6 ÷ 20 = 0.92. வளர்ச்சி சொன்னபடி வந்தும் 100 டொலர் 92 ஆகுது. ஊழியருக்குப் பங்காகச் சம்பளம் கொடுத்து, பங்கு எண்ணிக்கை வருடம் 4 வீதம் கூடினால் 75தான் மிச்சம். "சீராக்கிய இலாபம்" என்ற வரியில் இந்தச் செலவைச் சேர்க்கவே மாட்டாங்கள், காசுப் பாய்ச்சல் கூற்றில் தேடுங்கோ. கணக்கை டொலரிலேயே போடுங்கோ. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ஆனது கம்பனியின் கெட்டித்தனம் இல்லை.

வீடியோக் கூட்டம் நடத்தும் ஸூம் கம்பனியைப் பாருங்கோ. ஜனவரியில் முடியும் நிதியாண்டு வருமானம் 2021இல் 2.65 பில்லியன் டொலர், 2022இல் 4.1, 2023இல் 4.39. ஒரு வருடமும் குறையவில்லை. பங்கு மட்டும் 2020 ஒக்டோபரில் 550 டொலர் தாண்டி, 2022 முடிவில் 70க்குக் கீழே.

கொட்டாஞ்சேனை:
அண்ணை சொன்னது விலை. வியாபாரம் நல்லதா என்பது வாடிக்கையாளர் எத்தனை மாதம் நிற்கிறார் என்பதில் இருக்கு. ஒருவர் மாதம் 100 டொலர் கட்டுறார், சேவையைக் கொடுக்கிற செலவு போக மொத்த இலாபம் 80. அவரைப் பிடிக்க விளம்பரம், விற்பனையாளர் தரகு எல்லாம் 3,000 என்று வையுங்கோ. மாதம் 2 வீதம் பேர் விலகினால் சராசரி 50 மாதம், 4,000 திரும்பும். 3 வீதமென்றால் 33 மாதம், ஏறக்குறைய 2,670. பிடிக்கப் பிடிக்க நட்டம்!

நிகரத் தக்கவைப்பு, அதாவது போன வருட வாடிக்கையாளரிடமிருந்து இந்த வருடம் வரும் வருமானம், 120 வீதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பாங்கள். இருக்கிறவர் கூடுதலாக வாங்கினது, போனவரை அதில் மறைச்சுப்போடும். கூடுதலாக வாங்கினதைச் சேர்க்காத மொத்தத் தக்கவைப்பைப் பாருங்கோ.

வெள்ளவத்தையான்:
அண்ணை, அறிக்கையில் நிகரம் மட்டும்தான் இருக்கு.

கொட்டாஞ்சேனை:
அப்ப விற்பனை, சந்தைப்படுத்தல் செலவை அடுத்த காலாண்டில் புதிதாகக் கூடின சந்தா வருமானத்தால் பிரியுங்கோ. 8 காலாண்டாவது எடுக்கவேணும், ஆண்டு முடிவுக் காலாண்டில் ஒப்பந்தம் குவியும். விகிதம் ஏறிக்கொண்டே போனால், போனவரின் இடத்தை நிரப்பத்தான் அந்தக் காசில் பெரும்பகுதி போகுதோ என்று சந்தேகப்படலாம்.