புதுப்பிப்பு: கேள்விக்குறிகள் போய்த் தமிழ் திரும்பிவிட்டது

என் வலைத்தளத்தையும் டொமைனையும் சொந்த சர்வருக்கு மாற்றியதும் கட்டுரைகளெல்லாம் கேள்விக்குறிகளாகிவிட்டன என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. கட்டுரைகளைச் சேமிக்கும் புதிய தரவுத்தளம் லத்தீன்1 குறியாக்கத்தில் (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான, எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) உருவாகியிருந்தது. அதில் தமிழுக்கு இடமே இல்லை. ‘அம்மா’ என்ற சொல் ஐந்து கேள்விக்குறிகளாக நின்றதைப் பார்த்தபோது வயிறு கலங்கியது (புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறிகள்). அப்படி மாறிய எழுத்தை அங்கேயே மீட்க முடியாது. நல்லவேளை, காப்புப்பிரதியை அழிக்கவில்லை. தமிழ் உட்பட உலக மொழிகளின் எழுத்துகளை ஏற்கும் யுடிஎஃப்8எம்பி4 குறியாக்கத்தில் தரவுத்தளத்தைப் புதிதாக உருவாக்கி, அந்தப் பிரதியை மறுபடி ஏற்றினேன். பதினொரு ஆண்டு எழுத்தும் ஓர் ஒற்றுக்கூடக் குறையாமல் வந்துவிட்டது!

சிலருக்குப் பழைய தளமே தெரிந்ததற்கு டிஎன்எஸ் பதிவின் (டொமைன் பெயர் எந்த சர்வரைச் சுட்டுகிறது என்று சொல்லும் பதிவு) 86,400 விநாடி ஆயுள்தான் காரணம். அதாவது, பழைய முகவரியை ஒரு நாள் வரை நினைவில் வைத்திருக்கலாம். மறுநாளே சரியானது. சர்வர் மாற்றப் போகிறவர்கள் முந்தைய நாளே அந்த ஆயுளை 300 விநாடியாகக் குறைத்துவிடுங்கள்.