செம்பர்விவம் அடியில் கூழாகிறது, சில நெட்டையாக எழும்புகின்றன. குளிர்தான் காரணமா?

கேள்வி:
உறைபனி தாங்கும் சக்குலென்ட் (நீரைச் சேமித்து வைக்கும் சதைப்பற்றுச் செடி) என்று கேள்விப்பட்டுத் தோட்டத்தில் தரையிலேயே செம்பர்விவம் (ரோஜாப்பூ மாதிரி இலைக்கொத்தாக வளர்வது), சீடம், ஒரு ஒபன்ஷியா கள்ளி (சப்பாத்திக்கள்ளி இனம்) எல்லாம் நட்டிருக்கிறேன். களிமண் நிலம். குழி தோண்டி அடியில் ஜல்லி போட்டு, மேலே கடையில் கிடைக்கும் தொட்டிக் கலவையை நிரப்பினேன். கடும் குளிரில் ஒன்றும் ஆகவில்லை. பனி உருகி மழையும் சேர்ந்தபிறகுதான் செம்பர்விவத்தின் அடி இலைகள் நிறம் மங்கிக் கூழாகி, தொட்டாலே கொத்து முழுதும் கையோடு வருகிறது. மிச்சம் இருப்பதில் சில நடுவிலிருந்து நெட்டையாக எழும்புகின்றன. கள்ளியோ சுருங்கித் தரையில் படுத்துக் கிடக்கிறது. எதைக் காப்பாற்றலாம், எப்படி?

பதில் 1:
குளிர் காரணம் இல்லை, செம்பர்விவம் ஐரோப்பிய மலைகளில் பாறை இடுக்கில் வளர்வது, பல வகைகள் மைனஸ் 25 டிகிரியையும் தாங்கும். அதைக் கொல்வது வேரைச் சுற்றித் தேங்கும் நீர். களிமண்ணில் குழி வெட்டி இளகிய கலவையை நிரப்பினால் அது அடைப்பு வைத்த தொட்டி மாதிரி, சுற்றியுள்ள நீரெல்லாம் அங்கே வந்து நிற்கும். அடியில் ஜல்லி போட்டதும் உதவாது, ஏனென்றால் மேலே உள்ள நுண்ணிய கலவை முழுக்க ஊறிய பிறகுதான் நீர் ஜல்லிக்குள் இறங்கும்.

குழியை விட்டுவிட்டு மேடு கட்டுங்கள். தரைக்கு மேல் 15, 20 செ.மீ. உயரம் போதும், சரிவாக இருந்தால் இன்னும் நல்லது. கலவையில் பாதிக்குக் குறையாமல் 2 முதல் 5 மி.மீ. பருமனுள்ள சரளை இருக்கட்டும். பொடி மணலைக் கொஞ்சமாகக் களிமண்ணில் கலப்பது வேண்டவே வேண்டாம், இறுகிவிடும். நட்டபின் இலைக்கொத்தின் கழுத்தைச் சுற்றி சரளை பரப்பினால் அடி இலைகள் ஈர மண்ணில் படாது. உரமும் வேண்டாம், கொழுத்து வளரும் செடிதான் முதலில் அழுகும்.

கையோடு வந்த கொத்துகளைத் தூக்கிப் போடாதீர்கள். கூழான இலைகளை உரித்து, தண்டை உறுதியான வெள்ளைப் பகுதி தெரியும்வரை நறுக்கி, நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிட்டுச் சரளைக் கலவையின் மேல் உட்கார வையுங்கள். ஒரு வாரம் தண்ணீர் கிடையாது. சுற்றி குட்டிகள் (பக்கத்தில் முளைத்த சிறு கொத்துகள்) இருந்தால் அவை இன்னும் சுலபமாக வேர் பிடிக்கும். ஒன்று மட்டும் பார்த்துவிடுங்கள்: இலை நன்றாக இருந்தும் கொத்து பிடுங்கிக்கொண்டு வந்து, அடியில் வேரே இல்லையென்றால் அது அழுகல் இல்லை, மண்ணில் வண்டுப்புழு வேரைத் தின்றிருக்கும். வெள்ளைப் புழு இருக்கிறதா என்று மண்ணைக் கிளறிப் பாருங்கள்.

பதில் 2:
நெட்டையாவதைப் பற்றிச் சொல்கிறேன். நுனியில் மொக்குக் கொத்து தெரிந்தால் அது பூக்கப் போகிறது. செம்பர்விவத்தில் பூத்த கொத்து காய்ந்து போய்விடும், அதுதான் அதன் வாழ்க்கை முறை. தண்டை வெட்டிக் காப்பாற்றப் பார்ப்பது பெரும்பாலும் வீண், குட்டிகள் அதற்குள் இடம் பிடித்திருக்கும். பூக்கட்டும், காய்ந்ததும் பிடுங்கிவிடுங்கள். மொக்கு இல்லாமல் எல்லாக் கொத்தும் வெளிறி விரிந்திருந்தால் வெயில் போதவில்லை. இலைகள் குறுகி நீண்டு நிமிர்ந்து, அவற்றில் ஆரஞ்சுப் புள்ளிகள் வந்தால் துரு நோய், அந்தக் கொத்தை உடனே அகற்றிக் குப்பையில் போடுங்கள், மக்கு உரக் குழியில் வேண்டாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நெட்டையானதில் மொக்கு இருக்கிறது, பூக்க விட்டுவிடுகிறேன். இன்னொன்று: நீலச் சாம்பல் நிறத்தில், இலைமேல் வெண்பொடியோடு இருந்த ஒன்று முதல் உறைபனியிலேயே கருத்துப் போனது. அதுவும் செம்பர்விவம் என்றுதான் கொடுத்தார்கள்.

பதில் 2:
அது எச்செவேரியாவாக இருக்கலாம். மெக்சிகோ பக்கத்துச் செடி, பெரும்பாலான வகைகள் உறைபனி தாங்காது. பார்த்தால் குழப்பும். இலை ஓரத்தை உற்றுப் பாருங்கள், செம்பர்விவத்தில் நுண்ணிய மயிர் இருக்கும், எச்செவேரியாவில் பொதுவாக இருக்காது. பூத்தண்டும் நடுவில் வராமல் பக்கவாட்டில் வரும், பூத்தபின் செடி சாகாது. தொட்டியில் வைத்துக் குளிருக்கு உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டிய செடி.

பதில் 1:
கள்ளியைப் பற்றிப் பயப்படாதீர்கள், அது தாகத்தில் சுருங்கவில்லை. குளிர் வரும்போது மடல்களில் உள்ள நீரை அதுவே குறைத்துக்கொள்ளும், செல்லுக்குள் இருக்கும் சாறு அடர்த்தியாகி உறையாமல் தாங்கும். இப்போது பரிதாபப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால்தான் ஆபத்து. வெயில் ஏறியதும் தானே நிமிரும். மழை ஓயாத இடமென்றால் மேலே ஒரு கண்ணாடித் தகட்டைச் சாய்த்து வையுங்கள், பக்கங்கள் மட்டும் திறந்தே இருக்கட்டும், காற்று புகவேண்டும்.