கட்டளை 2 எம்பி வரை போகலாம் என்கிறது லினக்ஸ், 174 கேபிக்கே மறுக்கிறது. ஏன்?

கருந்திரை:
நெட் இல்லாத டெபியன் சர்வர் ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. அதில் நிறுவ வேண்டிய டெப் ஃபைல்கள் (டெபியனின் மென்பொருள் பேக்கேஜ்கள்) 2,900, அங்கேயே ஒரு ஃபோல்டரில் கிடக்கின்றன. என் லேப்டாப்பில் ஓடும் ஸ்கிரிப்ட் அவற்றின் முழுப் பாதைகளைக் கோத்து, பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி கட்டளையாக்கி, மேற்கோள் குறிக்குள் போட்டு, கட்டளையைச் சர்வரில் ஓட்டித் தரும் எஸ்எஸ்எச்சிடம் கொடுக்கும். ஒரு பாதைக்கு இடைவெளியோடு சராசரி 60 எழுத்து. இப்போது 'ஆர்கியுமென்ட் லிஸ்ட் டூ லாங்' (கட்டளைக்குக் கொடுத்த பட்டியல் மிக நீளம்) என்று உடனே விழுகிறது. சிஸ்டம் வரம்புகளைக் காட்டும் கெட்கான்ஃபில் கேட்டால் ஆர்க் மேக்ஸ் (அந்தப் பட்டியலின் உச்ச அளவு) 20,97,152 பைட் என்கிறது! அந்த அளவைத் தீர்மானிக்கும் ஸ்டாக் வரம்பை யூலிமிட் கட்டளையால் உயர்த்தியும் பார்த்துவிட்டேன். போன மாதம் 1,800 ஃபைல் இருந்தபோது ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட் இது.

பழைய ஷெல்:
அந்த 1,800தான் துப்பு. 2 எம்பி என்பது எல்லா ஆர்கியுமென்ட்டும் (கட்டளைக்குக் கொடுக்கும் ஒவ்வோர் உருப்படியும்) என்விரான்மென்ட்டும் (கூடவே போகும் ஷெல் அமைப்புகளும்) சேர்ந்த மொத்தம். தனி ஓர் ஆர்கியுமென்ட்டுக்கு லினக்ஸில் வேறு வரம்பு: 4,096 பைட் நினைவகப் பக்கம் 32, ஆக 1,31,072 பைட். மேற்கோள் குறிக்குள் போட்டதும் உங்கள் 2,900 பாதையும் ஒரே ஆர்கியுமென்ட் ஆகிவிட்டது. போன மாதம் 1,08,000, தப்பித்தீர்கள். இப்போது 1,74,000. உங்கள் லேப்டாப்பிலேயே விழுகிறது, சர்வருக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. யூலிமிட்டுக்கு இந்த எண் அசையாது.

நள்ளிரவு நிர்வாகி:
பட்டியலை ஆர்கியுமென்ட்டாக இல்லாமல் ஸ்டாண்டர்ட் இன்புட்டில் (உள்ளீட்டு வழியில்) அனுப்பி, அந்தப் பக்கம் அதைக் கட்டளைக்கு ஆர்கியுமென்ட்டாக்கித் தரும் எக்ஸ்ஆர்க்ஸிடம் விடுங்கள். முடிந்தது.

பழைய ஷெல்:
முடியாது. எக்ஸ்ஆர்க்ஸ் பட்டியலைத் துண்டுதுண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் டிபிகேஜியைத் தனியாக ஓட்டும். நிரல் முதல் துண்டிலும் அதற்கான லைப்ரரி இரண்டாவதிலும் மாட்டினால் டிபெண்டன்சி பிழைதான் (தேவையான பேக்கேஜ் இன்னும் இல்லை என்று). நானே ஒரு முறை பாதி கான்ஃபிகர் ஆன மெஷினோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். எக்ஸ்ஆர்க்ஸ்தான் வேண்டுமென்றால், துண்டுகளை அன்பேக் மட்டும் செய்துவிட்டு (பிரித்து வைத்துவிட்டு), கடைசியில் கான்ஃபிகரை (நிறுவலை முடிக்கும் படியை) மொத்தமாக ஒரே முறை ஓட்டுங்கள். ஆனால் ஃபைல்கள் அங்கேயே இருக்கும்போது பெயர்களை எதற்கு இங்கிருந்து அனுப்ப வேண்டும்? டிபிகேஜியிடம் ரிக்கர்சிவ் ஆப்ஷனோடு ஃபோல்டர் பெயரை மட்டும் சொல்லுங்கள், அதுவே தேடி எடுத்துக்கொள்ளும்.

கருந்திரை:
ரிக்கர்சிவில் ஓடிவிட்டது, நன்றி. ஒரு சிக்கல் மட்டும் வந்தது: ஃபோல்டரில் சில பேக்கேஜ்களின் பழைய பதிப்பும் கிடந்தது, இரண்டையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேக்கேஜைப் பின்னுக்கு இறக்கிவிட்டது. என் ஸ்கிரிப்ட் பழையதை வடிகட்டிக்கொண்டிருந்தது என்பதையே மறந்துவிட்டேன்.

பழைய ஷெல்:
பழைய பதிப்புக்கு இறங்க மறுக்கும் ரெஃப்யூஸ் டவுன்கிரேட் ஆப்ஷனைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.